எட்டாம் நாள் லோடு

மாதத்துக்கு ஒரு தடவை கிருஷ்ணப்ரியா அந்த விளம்பரத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். ‘சிறுகதை, தொடர்கதை, வாழ்க்கை வரலாறு, மேடைப் பேச்சு, வாழ்த்து மடல் எழுதித் தரப்படும். மாதிரிக்கு என் கதைகளைப் படிக்கவும்.’ கீழே போன் நம்பர். அதற்கு அடுத்து அந்த மாதம் எழுதிய கதை.

கதையை முந்நூறு பேர் திறப்பார்கள். எத்தனை பேர் கடைசி வரி வரை போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. போனில் கூப்பிடுகிறவர்கள் கதை கேட்பதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க பயோடேட்டா, செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கல்லூரணிக்காரன் ஒருவன், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவிக்கு மன்னிப்புக் கடிதம் கேட்டான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மனைவி திரும்பி வந்துவிட்டாள். அடுத்த வாரம் அவன் தன் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜமால் மைதீனின் ஜெராக்ஸ் கடை. அங்கே இரண்டாவது கம்ப்யூட்டர் கிருஷ்ணப்ரியாவுடையது மாதிரி. கடைக்கு வருகிற டைப்பிங் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் தன் எழுத்து வேலையைப் பார்ப்பாள். ஜமால் மைதீன் வீரசோழனிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். அவள் கதைகளை ஒன்று விடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான். படித்துவிட்டு எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“பிரியா, இதுல யாருக்குமே நல்லது நடக்காதா?”

“நடக்கும் பாய். அடுத்த கதையில.”

தை மாதத்தில் ஒரு நாள் கடை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் வீரபாண்டி. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரி வியாபாரம், நாலு லாரி. அந்த வட்டாரத்தில் சீமைக்கருவேலம் வெட்டிப் பிழைக்கிற யாருக்கும் அவரைத் தெரியும்.

“இங்க கதை எழுதுற பொம்பளப் பிள்ள யாரு?”

“நான்தாங்கய்யா.”

“யாரு மக நீ?”

அந்தச் சீமையில் வேறு எந்தக் கேள்வியும் இதற்குப் பிறகுதான்.

“இருளாண்டி மக.”

அவர் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். “மூட்டத்துல விழுந்தானே, அந்த இருளாண்டியா? தங்கலட்சுமி பெத்த பிள்ளையா நீ? பாத்தியா, எம்புட்டுப் படிச்சிருச்சு” என்று ஜமால் மைதீனிடம் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார்.

“அருப்புக்கோட்டையில எங்க சம்பந்தி. அவுக அறுபதாங் கல்யாணத்துக்கு வந்தவுகளுக்கெல்லாம் தாம்பூலப் பையில வாழ்க்கை வரலாறுன்னு ஒரு புஸ்தகம் போட்டுக் குடுத்தாரு. அந்த ஆளு வாழ்க்கையில என்ன இருக்கு? ஒரு ரைஸ்மில்லு இருக்கு. அதுக்கே நாப்பது பக்கம். வைகாசியில எனக்கு அறுபது. ஆயிரம் பை சொல்லியிருக்கேன். ஆயிரம் புஸ்தகம் வேணும்.”

“அட்டையில எழுதுனவ பேரு வரணும்யா.”

“போட்டுக்க. நானா எழுதுனேன்னு சொல்லப் போறேன்? எங் கையெழுத்தே எனக்குப் புரியாது.”

“கடைசிப் பக்கத்துல என் விளம்பரமும் ஒரு சின்னக் கதையும்.”

“பை கிழியாத அளவுக்குப் போட்டுக்க.”

அவர் போன பிறகு கிருஷ்ணப்ரியா அட்டையை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். எழுத்து: இ. கிருஷ்ணப்ரியா. இதற்கு முன்னால் நூல் மில்லில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது பஞ்சு மூக்கில் ஏறி இருமிக்கொண்டே அவள் நினைத்தது இதைத்தான். ஆயிரம் வீடு. அதில் ஐம்பது வீட்டில் படித்தாலும் போதும்.

வீட்டில் சொன்னபோது அம்மா தங்கலட்சுமி, “முதலாளி வீட்டு வேலையா” என்று மட்டும் கேட்டாள். அப்பா இருளாண்டி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

இருளாண்டியின் இடது கால் முட்டிக்குக் கீழே கறுத்துச் சுருங்கிப்போய், விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். பதினெட்டு வருடம் முன்னால் வீரபாண்டியின் கரிமூட்டத்துக்குள் விழுந்ததில் ஆனது. கரிமூட்டம் என்பது விறகைக் கூம்பாக அடுக்கி, சருகும் ஈரமண்ணும் பூசி மூடி, காற்றுக்குச் சின்ன ஓட்டைகள் விட்டு உள்ளே தீ வைப்பது. விறகு எரிந்துவிடக் கூடாது, வேக வேண்டும். எட்டு நாள் வேகும். பிறகு ஓட்டைகளை அடைத்து நாலு நாள் ஆறவிட்டுப் பன்னிரண்டாம் நாள் பிரிப்பார்கள். உள்ளே விறகு வற்றிச் சுருங்கியிருக்கும். மேலே மண் ஓடு மட்டும் நிற்கும். ஆறுவதற்கு முன்னால் அதன் மேல் ஏறுகிறவனை அது உள்ளே விட்டுவிடும்.

இருளாண்டி குடித்துவிட்டு ஏறினான் என்பதுதான் ஊர்ப் பேச்சு. அது அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டி அறிவித்திருந்த வாரம். அக்கினிச் சட்டி எடுப்பதற்காக அவர் கையில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினவன் சாராயத்தைத் தொடக் கூடாது. தொட்டான், ஆத்தா நெருப்பிலேயே தள்ளிவிட்டாள் என்று பேசினார்கள். அதற்குப் பிறகு எந்த மூட்டத்திலும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கோயிலில் சட்டி எடுக்கவும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கிருஷ்ணப்ரியாவுக்கு அதுவே பட்டப்பெயர்: ஆத்தா தள்ளிவிட்டவன் மக.

“அன்னைக்குக் குடிக்கல” என்று அம்மா சொல்வாள். “மத்த நாள்ல குடிக்காத ஆளுன்னு நான் சொல்ல மாட்டேன். அதான் யாரும் நம்பல.” பெண்டாட்டி சொல்வதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. மகளுக்கும் எதை நம்புவது என்று தெரியாமலே இருபத்தேழு வயதாகிவிட்டது. அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

வீரபாண்டி வீட்டு முன்கூடத்தில் காலை நேரங்களில் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். அவர் பேசுவார், போனில் ரெக்கார்டு ஆகும், அவள் குறிப்பும் எடுத்துக்கொள்வாள். அவர் மனைவி ராக்கம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

முதல் நாள் சின்ன வயசு. அவருடைய அம்மா பருத்தி எடுக்கப் போய், மடியில் திருடிக்கொண்டு வந்த பருத்திக் காயை அடுப்புச் சாம்பலில் ஒளித்து வைத்த கதை. அதைச் சொல்லும்போது வீரபாண்டி நிறுத்தி, தண்ணீர் குடித்து, “இத எழுதலாமா?” என்றார்.

“உங்க இஷ்டம்யா.”

“எழுது. அவ திருடலேன்னா நான் இல்ல.”

அந்த இடத்தில் கிருஷ்ணப்ரியாவுக்கு அந்த மனுசரைப் பிடித்துப்போயிற்று. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் முன்னுக்கு வந்த கதை.

“எல்லாரும் பன்னெண்டு நாள்ல பிரிப்பான். இந்த வீரபாண்டி எட்டாம் நாள் லோடு ஏத்துனான், எழுதிக்க. தூத்துக்குடிக் கம்பெனிக்காரன் கப்பலு நிக்கிதுங்கிறான். இந்தப் பக்கம் ஒரு பயகிட்டயும் சரக்கு இல்ல. பங்குனிப் பொங்கலு சாட்டுன செவ்வாக்கெழம தீ வச்சேன், அடுத்த செவ்வாக்கெழம லாரி கெளம்பிருச்சு. தண்ணிய ஊத்தி ஆத்திட்டோம்ல. நானே கிளீனர் சீட்டுல ஏறி உக்காந்து தூத்துக்குடி போனேன். கம்பெனி மானேசரு வெளிய வந்து கை குடுத்தாரு. மறுநா பொங்கலுக்குத்தான் ஊரு திரும்புனேன். அந்த ஒரு லோடுதான். அதுலதான் மொத லாரி.”

கை கொடுத்த மானேஜரின் கை எப்படி இருந்தது என்பது வரை சொன்னார். பஞ்சு மாதிரி இருந்ததாம்.

மூன்றாம் நாள் அவள், “கஷ்டமான காலம்னு ஏதாச்சும் சொல்லுங்கய்யா” என்றாள். அவர் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார்.

“உங்கப்பன் கதையச் சொல்லணும். ஒளிச்சு வச்சேன்னு ஆகக் கூடாது பாரு. பொங்கலுக்கு மொத நா. காப்புக் கட்டுன பய, குடிச்சிட்டு மூட்டத்துல ஏறிட்டான். நான் கீழ நின்னுக்கிட்டு ஓடு போகுது போகுதுன்னு கத்துறேன், காதுல விழல. கால் உள்ள போயிருச்சு. நானே காரைப் பிடிச்சு, மடியில போட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரெண்டு நா பக்கத்துலேயே இருந்தேன். தொழிலாளின்னு பாக்கல, தம்பின்னு பாத்தேன். அப்பிடிப் போடு.”

கிருஷ்ணப்ரியா எழுதிக்கொண்டாள். கை எழுதிக்கொண்டே போனது. கூலிக்கு எழுதுகிறவளுக்கு அது பழக்கம்.

கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கும்போதுதான் சங்கடம் தொடங்கியது. வீரபாண்டி எதையும் வரிசையாகச் சொல்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பு, லாரிக்குப் பிறகு அவர் அப்பா சாவு. வாழ்க்கை வரலாறு என்றால் வருடம், மாதம், கிழமை என்று அடுக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேஜையில் பரப்பி அடுக்குவது அவள் வழக்கம். தொடர்கதைக்கும் அப்படித்தான் செய்வாள்.

தூத்துக்குடி லோடு: பொங்கல் சாட்டியதற்கு அடுத்த செவ்வாய். இருளாண்டி விழுந்தது: பொங்கலுக்கு முதல் நாள். அந்த ஊரில் பொங்கல் புதன்கிழமை. இரண்டு தாளும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நின்றன.

அவள் ரெக்கார்டைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஒரே வருடம், ஒரே பங்குனி, ஒரே செவ்வாய், ஒரே மூட்டம். அந்த வருடம் தனக்கு இருந்ததே ஒரு மூட்டம்தான் என்று அவரே சொல்லியிருந்தார். எட்டாம் நாள் பிரித்தால் மேலே ஏறித் தண்ணீர் ஊற்ற ஒருத்தன் வேண்டும். ஏறின அந்த ஒருத்தன் தன் அப்பன். வெந்த காலோடு அவரைத் தூக்கிக் கிடத்திய பிறகும் லோடு ஏறியிருக்கிறது.

“பாய், ஒரு ஆளு ஒரே நாள்ல லாரியில தூத்துக்குடிக்கும் போயி, கார்ல மதுரைக்கும் போயிருக்க முடியுமா?”

ஜமால் மைதீன் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “அரசியல்வாதியா?” என்றார்.

“கரி வியாபாரி.”

அவள் நீட்டிய தாள்களை வாங்கிப் படித்தார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி இன்னொரு தடவை படித்தார். “அல்லா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வாசலில் ஆதார் கார்டோடு நின்ற ஆளை அப்புறம் வரச் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கேட்டாள். “அப்பாவ ஆஸ்பத்திரிக்கு யாரும்மா கொண்டு போனது?”

“பால் வண்டிக்காரன். அருப்புக்கோட்டை வரைக்கும். கேனுகளுக்கு நடுவுல படுக்க வச்சு. அங்கருந்து பஸ்ஸு.”

“முதலாளி?”

“மூணாம் நா வந்தாக. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாக.” தங்கலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு அங்க பதினாலு பேரு நின்னோம். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் அடுத்த மூட்டத்துல வேலை வேணும். எனக்கும்தான் வேணும். மறு மாசமே அங்கதான் போயி நின்னேன். உனக்குச் சோறு யாரு போடுவா?”

கிருஷ்ணப்ரியா அந்தப் பகுதியை நாலு தடவை எழுதினாள். முதல் தடவை எழுதியதில் கோபம் மட்டும் இருந்தது. மூன்றாவது, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே, நாள் வரிசையில் மட்டும் வைத்தாள். குடித்துவிட்டு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

எழுதி முடித்ததை ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பது என்று வைத்திருந்தாள். வீரபாண்டி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். பருத்திக் காய் வந்த இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே போகாமல் ராக்கம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“‘...பொங்கல் சாட்டிய எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் மூட்டத்தைப் பிரித்தோம். மற்றவர்கள் பன்னிரண்டாம் நாள்தான் பிரிப்பார்கள். அன்று காலை இருளாண்டி குடித்துவிட்டு மூட்டத்தின் மேல் ஏறினான். அவன் கால் உள்ளே போய்விட்டது. அன்று நான் லாரியில் தூத்துக்குடி போனேன். கம்பெனி மானேஜர் கை கொடுத்தார். அன்று நான் காரில் இருளாண்டியை மடியில் போட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.’”

வீரபாண்டியின் கண் திறந்துவிட்டது. முதலில் பேசியது ராக்கம்மாள்தான்.

“ஏங்க, ஒரே நாள்ல தூத்துக்குடிக்கும் போனீக, மதுரைக்கும் போனீகளா?”

“நீ உள்ள போ.”

“இல்ல, கேக்குறேன். ரெண்டும் ரெண்டு தெசையில்ல?”

வீரபாண்டி எழுந்துவிட்டார். “ஏத்தா, நான் சொன்னத எழுதச் சொன்னேனா, கோர்ட்டுல மாதிரி நிறுத்திக் கேக்கச் சொன்னேனா?”

“நீங்க சொன்னதுதாங்கய்யா எல்லாம். ஒரு வார்த்த நான் சேர்க்கல. கிழமைப்படி அடுக்குனேன். ஆயிரம் பேருக்குக் குடுக்கப் போறீக. அதுல பாதிப் பேரு மூட்டம் போடுறவுக. எட்டாம் நாளுன்னு படிச்ச ஒடனே அவுகளுக்குத் தெரிஞ்சிரும்.”

“அப்ப லோட வச்சுக்க. உங்கப்பன எடுத்துரு.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. எடுத்துவிட்டால் குடிகாரன் என்று அச்சில் வராது. அட்டையில் பெயர் வரும். ஆயிரம் வீடு. எவ்வளவு லேசான வழி என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மை. அப்பாவைப் பற்றி அச்சில் ஒன்றுமே வராது. ஊரில் இருப்பது அப்படியே இருக்கும்.

“இல்லைங்கய்யா. எடுக்கிறதா இருந்தா என் பேரையும் எடுத்துருங்க. வேற ஆளு வச்சு எழுதிக்கங்க. ரெக்கார்டு எல்லாம் குடுத்துர்றேன்.”

“ஆளா இல்ல? அருப்புக்கோட்டையில தமிழ் வாத்தியாரு இருக்காரு. கவிதையே எழுதுவாரு.”

“சரிங்கய்யா.”

தாள்களைப் பைக்குள் வைக்கப் போனவளிடம் ராக்கம்மாள் கை நீட்டினாள். “அதக் குடுத்துட்டுப் போத்தா. நான் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.”

ஜமால் மைதீன் முழுக்கக் கேட்டுவிட்டு, “பொழப்பக் கெடுத்துக்கிட்ட” என்றார். டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்ததும், “நானா இருந்தா எடுத்துருப்பேன்” என்றார். குடித்து முடித்ததும், “எடுத்திருந்தா உங்கூடப் பேசியிருக்க மாட்டேன்” என்றார்.

இரண்டு வாரம் கண்ணீர் அஞ்சலியும் பயோடேட்டாவுமாகப் போயிற்று. ஸ்டேட்டஸில் விளம்பரம் போட மனசு வரவில்லை. ஒரு வியாழக்கிழமை உச்சி வெயிலில் ராக்கம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாகக் கடைக்கு வந்தாள். நாலு லாரி, ஒரு கார் இருக்கிற வீட்டுக்காரி பஸ்ஸில் வந்தாள் என்றால் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம்.

“வாத்தியாரு எழுதிட்டாரு” என்று ஒரு ஃபைலை மேஜையில் போட்டாள். “மொதப் பக்கத்துலயே இவுகளச் சோழ ராசாங்கிறாரு. அவுக அம்மாவக் கற்புக்கரசிங்கிறாரு. பருத்திக் காயைக் காணோம். இவுக படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, ‘இது எவன்டா?’ன்னு வாத்தியாரு மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்பிட்டாக.”

கிருஷ்ணப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“நீ எழுதுனத ராத்திரி பகலா நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். அவுக அம்மா கதைய மட்டும் ஏழெட்டுத் தடவ வாசிச்சிட்டேன். அதத் தாண்டி லோடு வந்த ஒடனே நிறுத்துங்கிறாக. நான் நிறுத்துறதில்ல.” ராக்கம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போகல பாத்துக்க. காப்புக் கட்டிக்கிட்டுக் குடிச்சவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு வீட்டுலேயே இருந்துட்டேன். உங்கம்மா எதுத்தாப்புல வந்தா ஒதுங்கிப் போவேன். பதினெட்டு வருசம் இவுக பேச்ச நம்பி நானும் ஒதுங்குனேன். இப்பச் சொல்லிட்டேன், அத நேராக்கலேன்னா வைகாசியில மணவறையில தனியா உக்காந்துக்கங்க, தாலிய யாரு கழுத்துல வேணாலும் கட்டிக்கங்கன்னு.”

“என்ன சொன்னாக?”

“ரெண்டு நா சோறு திங்கல. நானும் ஆக்கல. மூணாம் நா அந்தப் பிள்ளைய வரச் சொல்லுன்னாக. கடை இருக்கிற எடந்தான் தெரியுமே, நீங்க போங்கன்னேன். பின்னாடி வந்துக்கிட்டு இருக்காக.”

அரை மணி நேரத்தில் கார் வந்தது. வீரபாண்டி மனைவியைப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஜமால் மைதீன் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்.

“எழுதிக்க” என்றார் வீரபாண்டி. “சற்று அவசரப்பட்டு எட்டாம் நாள் பிரித்தேன்.”

“சற்றா?” என்றாள் ராக்கம்மாள்.

“அவசரப்பட்டு. சற்றை எடுத்துரு.”

கிருஷ்ணப்ரியா எடுத்தாள். “மூட்டத்து மேல அப்பா எதுக்குங்கய்யா ஏறுனாரு?”

“தண்ணி ஊத்த.”

“யாரு ஊத்தச் சொன்னா?”

அவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“லாரிக்காரன் சத்தம் போட்டுக்கிட்டு நின்னான்.”

“லாரிக்காரன் ஊத்தச் சொன்னானா?”

“நான்தான். நான்தான் ஏறச் சொன்னேன். போடு. ஓடு தாங்கும்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தாங்கிச்சு.”

“குடிச்சிருந்தாருன்னு சொன்னது?”

“ஊருல சொன்னாக.”

“ஊருக்கு யாரு சொன்னது?”

கடைக்கு வெளியே அருப்புக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். வீரபாண்டி அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போலீசு கேசுன்னு ஆயிரும்னு பயம். இருந்தது ஒரு மூட்டம், வட்டிக்கு வாங்கி அடுக்குனது. சாயந்தரம் தூத்துக்குடியிலிருந்து போன் போட்டு எங் கணக்குப்பிள்ளகிட்டச் சொன்னேன், குடிச்சிருந்தான்னு சொல்லிருன்னு. அம்புட்டுத்தான். ஒரு வார்த்த. மறுநா பொங்கலுக்கு நான் வந்து எறங்குறப்ப ஆத்தா தள்ளிவிட்டுட்டான்னு எங்கிட்டயே சொல்றாக. பெறவு சொல்லச் சொல்ல எனக்கே அப்பிடித்தான் ஆயிப் போச்சு. அந்தக் காரும் அப்பிடித்தான். அப்ப எங்கிட்ட ஏது காரு?”

கிருஷ்ணப்ரியா டைப் அடித்தாள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரையில் வந்தது. பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று ஜமால் மைதீன் ஃபேனைக் குறைத்தார்.

“இம்புட்டும் வருமா?” என்றார் வீரபாண்டி.

“நீங்க வேணாம்னா வராது.”

“சம்பந்தி படிப்பான்.”

“படிக்கட்டும்” என்றாள் ராக்கம்மாள். “அவுக புஸ்தகத்துல ஒரு எடத்துலயாவது தப்புப் பண்ணுனேன்னு வருதா? அம்புட்டும் நல்லதாவே இருந்தா எவன் நம்புவான்?”

வீரபாண்டிக்கு அது சரியென்று பட்டிருக்க வேண்டும். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “அம்மா கதைய முன்னாடி போடு. இத நடுவுல போடு. லாரி படத்த இதுக்கு எதுத்தாப்புல வச்சுராத” என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். ராக்கம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு அதே காரில் பின்சீட்டில் ஏறினாள்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் கிருஷ்ணப்ரியா அப்பா கதை வருகிற மூன்று பக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து வாசித்தாள். ‘குடித்திருந்தான் என்று நான்தான் சொல்லச் சொன்னேன். அது பொய்’ என்ற வரியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தாள்.

இருளாண்டி தாளை வாங்கினார். படிக்கத் தெரியாது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் காட்டினாள். இன்னொரு இடத்திலும் இருந்தது, அதையும் காட்டினாள். விரலை வைத்துப் பார்த்தார்.

“எத்தன பேருக்குக் குடுக்கிறாக?”

“ஆயிரம் பேருப்பா.”

“கணக்குப்பிள்ள இருக்காரா?”

“இருக்காரு. அவரும் வருவாரு.”

அவர் தலையை ஆட்டினார். தங்கலட்சுமி முந்தானையால் மூக்கைச் சிந்தி, “இப்பவாச்சும் எழுதுனாகளே” என்றாள். எழுந்து போய் அடுப்பின் மேல் இருந்த காலிச் சட்டியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

“ஒண்ணு விட்டுப்போச்சு” என்றார் இருளாண்டி.

“என்னப்பா?”

“இவ சொன்னா. ஏறாத, ஓடு கொதிக்குது, கைய வச்சுப் பாத்துட்டேன்னு அத்தன பேரு முன்னாடியும் சொன்னா. முதலாளி சொல்றாக, பொம்பளப் பேச்சக் கேக்கிறதான்னு நானா ஏறுனேன். ஏறச் சொன்னது அவுக. கேக்காதது நானு. அதையும் போட்டுரு.”

“அதெல்லாம் எதுக்குப் புஸ்தகத்துல” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“நீ சும்மா இரு. ஒரு நாளுதான் நீ சொல்றதக் கேக்காம விட்டேன்.”

“ஒரு நாளா?” என்றாள் தங்கலட்சுமி.

கிருஷ்ணப்ரியா போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் ஜமால் மைதீன் எடுத்தார்.

“பாய், ஃபைல பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டீகளா?”

“இப்பத்தான் அனுப்பப் போனேன். ஏன்?”

“முப்பத்தொண்ணாம் பக்கம் தெறங்க. மூணாவது பத்தியில ரெண்டு வரி சேக்கணும்.”

“யாரு சொன்னது?”

“எங்கப்பா.”

“இரு, தெறக்குறேன்” என்றார் ஜமால் மைதீன். கீபோர்டை இழுக்கிற சத்தம் கேட்டது. “ம், சொல்லு.”

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவுக்கு முன்னால் பிடித்தாள். இருளாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, கால் மேல் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.